மதுரைக்கு மேலே ஒரு பெருவட்டம்

உலக உருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரின்மீது ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையை இலண்டன்மீது வைத்துத் தொய்வின்றி இழுத்துப் பிடித்தால், அந்த நூல் வியப்பானதொரு பாதையைக் காட்டும். இந்தியப் பெருங்கடலைக் குறுக்காகக் கடந்து, இலங்கையில் அம்பாந்தோட்டைக்குக் கிழக்கே கரையேறி, புத்தளத்தின் பக்கமாக மீண்டும் கடலில் இறங்கும். பிறகு இராமநாதபுரம், மதுரை, திருப்பூர் ஆகிய ஊர்களை ஒட்டிச் சென்று கோவாவுக்கு அருகே அரபிக்கடலை அடையும். அதற்கப்பால் பலுசிஸ்தானம், ஈரான், காக்கசஸ் மலைகள், கருங்கடல், உக்ரைன், செக் நாடு, ஜெர்மனி எனத் தொடர்ந்து இலண்டனில் முடியும்.

அதே இரு நகரங்களை வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்து இணைத்தால் கோடு மதுரையின் பக்கமே வராது. மாலத்தீவுகளுக்கு அருகே சென்று, அரேபியாவைக் கடந்து, மத்திய தரைக்கடலின்மீது ஏறி இலண்டனை அடையும். இரண்டும் நேர்கோடுகள்போலத் தோன்றினாலும் அவற்றுள் ஒன்றுதான் மிகக் குறுகிய வழி. எது குறுகியது என்பதை வடிவியல் சொல்லிவிடும். ஆனால் அந்தக் குறுகிய வழியில் ஒரு விமானம் பறக்க முடியுமா, பறந்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்னும் வினாக்களுக்கு வடிவியல் மட்டும் விடை தராது. காற்றையும் எரிபொருளையும், சில வேளைகளில் தரையில் நடக்கும் போரையும்கூடக் கேட்டாக வேண்டும்.

உருண்டையின் மேல் நேர்வழி

ஒரு கோளத்தை அதன் மையத்தின் வழியாக இரண்டாக வெட்டினால், வெட்டிய விளிம்பில் கிடைக்கும் வட்டமே அக்கோளத்தின்மீது வரையக்கூடிய மிகப்பெரிய வட்டமாகும். அதனைப் பெருவட்டம் என்பர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். எதிரெதிரே அமைந்த இரு தீர்க்கக்கோடுகள் சேர்ந்தாலும் ஒரு பெருவட்டம் உருவாகும். உருண்டையின்மீது எந்த இரு புள்ளிகளை எடுத்துக்கொண்டாலும், அவற்றின் வழியே செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லே அவற்றுக்கு இடைப்பட்ட மிகக் குறுகிய வழி. இழுத்துப் பிடித்த நூல் தானாகவே அந்த வில்லில் போய் அமைந்துவிடுகிறது. நூலுக்குக் கணக்குத் தெரியாது; தொய்வு நீங்கியதும் அதற்கு வேறு இடம் இல்லை.

தட்டை வரைபடம் ஏன் ஏமாற்றுகிறது? உருண்டையான ஒன்றைக் கிழிக்காமலும் இழுக்காமலும் தாளில் விரிக்க இயலாது. 1569ஆம் ஆண்டு மெர்கேட்டர் வெளியிட்ட உலகப்படத்தில் துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்புகள் பெருத்துக் காணப்படும். அது குறையென்று தெரிந்தே அவர் செய்தது. அந்தப் படத்தில் வரைந்த நேர்கோட்டின்படி சென்றால் திசைகாட்டியின் முள் வழி முழுவதும் ஒரே கோணத்தைக் காட்டும். மாலுமிகளுக்கு அன்று வேண்டியிருந்தது அதுதான். குறுகிய வழி அவர்களுக்கு இரண்டாம் நிலைத் தேவையே.

பெர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே அந்த ஒரே திசைக்கோண வழியில் சென்றால் பெருவட்டத்தைவிட ஏறத்தாழ 260 கிலோமீட்டர் கூடுதலாகப் பறக்க வேண்டியிருக்கும். மொத்தத் தொலைவோடு ஒப்பிடுகையில் இது பெரிதாகத் தோன்றாது. ஆயினும் இன்றைய விமானத்துக்கு அது ஏறத்தாழ பதினேழு நிமிடப் பறப்பு. இரு இடங்களும் வட அட்சங்களில் உயரத்தில் அமைந்திருந்தால் வேறுபாடு இதனினும் மிகுதியாகும்.

தொலைவைக் கணக்கிட, பதினொன்றாம் வகுப்பில் பயிலும் சைன், கொசைன் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. பெர்த் விமான நிலையம் ஏறத்தாழ 31.9 பாகை தெற்கு, 116 பாகை கிழக்கு. இலண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் ஏறத்தாழ 51.5 பாகை வடக்கு, தீர்க்கக்கோட்டில் சுழியத்துக்குச் சற்றே மேற்கு. இந்த நான்கு எண்களிலிருந்து, அவ்விரு நிலையங்களும் பூமியின் மையத்தில் உண்டாக்கும் கோணம் ஏறத்தாழ 130.4 பாகை எனக் கிடைக்கும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 14,500 கிலோமீட்டர் வரும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் விடை சில கிலோமீட்டரே மாறுகிறது.

விமானிகள் இத்தொலைவைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை, பூமியின் மேற்பரப்பில் எவ்வளவு நீளமோ அதுவே ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். கோணம் தெரிந்தால் அறுபதால் பெருக்கியவுடன் கடல் மைல் கிடைத்துவிடுகிறது. கப்பல்காரர்கள் வகுத்துவைத்த இந்த அளவை வானூர்திக்காரர்களும் கைவிடாமைக்கு இந்த எளிமையே காரணம்.

பூமியில் எந்த இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவும் அரைச் சுற்றான 20,000 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. பெர்த் – இலண்டன் தொலைவு அந்த எல்லையில் முக்கால் பங்கை நெருங்குகிறது.

இருமுறை விடிந்த வானம்

இந்த வழியின் முதல் பகுதியில், பெர்த்திலிருந்து இலங்கை வரை, எங்கும் இறங்காமல் பறந்தவர்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர்.

1919இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தார் இருவர் தம் குழுவினரோடு இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைய ஏறத்தாழ இருபத்தெட்டு நாள்கள் ஆயின. 1935இல் பிரிஸ்பேனிலிருந்து இலண்டனுக்குப் பயணியர் வான்சேவை தொடங்கியபோது அது பன்னிரண்டரை நாள் பயணமாகச் சுருங்கியது. வழியில் சிங்கப்பூர் ஒரு முதன்மையான தங்கல். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியப் படைகளிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழி அதனால் அறுந்துபோயிற்று. அறுந்ததை இணைக்க எஞ்சியிருந்தது இந்தியப் பெருங்கடல் ஒன்றே. அதன் நடுவே இறங்குவதற்குத் தளம் ஏதுமில்லை.

1943இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்னும் நீர்வானூர்திகளைக் கொண்டு அக்கடலைக் கடக்கத் தொடங்கியது. பெர்த் நகரில் ஸ்வான் ஆற்றின் நீர்ப்பரப்பிலிருந்து மேலெழும்பும் வானூர்தி, இலங்கையின் தென்கரையில் காலி நகருக்கு அருகேயுள்ள கொக்கல ஏரியில் வந்து இறங்கும். இடைத்தொலைவு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். கேட்டலினாவின் வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. 27 மணி முதல் 33 மணி வரை காற்றிலேயே இருக்க வேண்டும். மிக நீண்டதாகப் பதிவான பயணம் 32 மணி 9 நிமிடம்.

அவ்வளவு நேரத்துக்கு வேண்டிய எரிபொருளை ஏற்றுவதற்காக வானூர்தியிலிருந்து எடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பனி படியாமல் காக்கும் கருவி போயிற்று; குளிரைத் தடுக்கும் உட்பூச்சுப் போயிற்று. பயணியர் மூவருக்கு மேல் இல்லை. அவர்களோடு 69 கிலோகிராம் அஞ்சல். படையினரின் மடல்களைச் சிறிய படச்சுருள்களாக்கி எடையைக் குறைத்திருந்தனர். தற்காப்புக்குத் துப்பாக்கியும் கிடையாது. ஜப்பானியரின் கண்காணிப்பு இருந்த கடற்பகுதியை இருளில் கடக்கும்படி நேரத்தை வகுத்துக்கொண்டு, எதிரி கேட்டுவிடக் கூடாதென்று வானொலியையும் ஏறத்தாழ முற்றிலும் ஊமையாக்கினர்.

வழிகாட்ட விண்மீன்களே இருந்தன. ஐந்து வானூர்திகளுக்கும் விண்மீன்களின் பெயர்களையே இட்டிருந்தார்கள்: அல்டேர், வேகா, ரைஜல், அண்டாரிஸ், ஸ்பைகா. இவற்றுள் அல்டேர் தமிழர் திருவோணம் என்று அழைக்கும் விண்மீன், அண்டாரிஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. மார்கழியும் ஆடியும் பார்த்துக் கடலோடியவர்களின் வானம்தான் அவர்களுக்கும் வாய்த்திருந்தது.

ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் எழுவதைப் பார்த்ததால் இப்பயணம் 'இரட்டைச் சூரியோதயம்' எனப் பெயர் பெற்றது. இருபத்து நான்கு மணிக்கு மேல் வானில் இருந்ததற்குச் சான்றாகப் பயணியருக்கு ஒரு மடலும் வழங்கப்பட்டது. 1945 வரை 271 முறை இக்கடலைக் கடந்தனர். ஒரு பயணத்திலும் வானூர்தி இழக்கப்படவில்லை என்பது, அந்த இருளையும் தொலைவையும் எண்ணிப் பார்ப்பவர்க்கு எளிதில் நம்பக்கூடியதன்று.

எரிபொருளைச் சுமக்க எரிபொருள்

போர் முடிந்தபின் 1947இல் சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் பயணம் நான்கு நாளாயிற்று. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என ஆறு ஊர்களில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. பின்னர் வந்த ஜெட் விமானங்கள் தங்கல்களை ஒவ்வொன்றாக உதிர்த்தன. கடைசித் தங்கலும் நீங்கியது 2018 மார்ச் மாதத்தில். அம்மாதம் 24ஆம் நாள் மாலை பெர்த்திலிருந்து புறப்பட்ட குவாண்டாசின் போயிங் 787-9 விமானம், மறுநாள் விடியலில் இலண்டனில் இறங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இடைநில்லாமல் இணைத்த முதல் பயணியர் சேவை அதுவே.

எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தடையாக நின்றது வேகமன்று, எடையே. போயிங் 787-9 தரையைவிட்டு எழும்பும்போது அதன் மொத்த எடை 254 டன்னுக்கு மேற்படக் கூடாது. அதன் தொட்டிகள் 1,26,000 லிட்டருக்குச் சற்று மேல் எரிபொருள் கொள்ளும். அதன் எடை ஏறத்தாழ 100 டன். எனவே தொட்டி நிரம்பினால், எழும்பும் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருளாகவே அமைந்துவிடுகிறது. விமானத்தின் உடலுக்கும் இயந்திரங்களுக்கும் உரிய எடையைக் கழித்தபின் எஞ்சுவதே பயணியர்க்கும் பெட்டிகளுக்கும் சரக்குக்கும் உரிய பங்கு.

இங்கே ஒரு சிக்கல் உள்ளது. பதினேழாம் மணி நேரத்தில் எரிக்க வேண்டிய எரிபொருளை முதல் பதினாறு மணி நேரமும் சுமந்தாக வேண்டும். சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும். அந்தச் செலவுக்குரிய எரிபொருளையும் தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டும். ஆகவே தொலைவு இரண்டு மடங்கானால் எரிபொருள் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. இத்தகைய விமானத்தில் ஏறத்தாழ 290 இருக்கைகளும் அதற்கு மேலும் அமைக்க இடமுண்டு. பெர்த் – இலண்டன் விமானத்தில் இருந்தவை 236. குறைந்த இருக்கைகளுக்குப் பயணியரின் வசதியும் ஒரு காரணம். ஆனால் குறைந்த எடை நெடுந்தொலைவைத் தாங்க உதவுகிறது என்பதும் உண்மை. 1943இல் மூன்று பயணியரோடு நிறுத்திக்கொண்ட அதே கணக்கு, அளவு மாறித் தொடர்கிறது.

எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகிறது. இலேசான விமானம் இன்னும் உயரத்தில், காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் சிக்கனமாகப் பறக்கும். அதனால் நெடுந்தொலைவு விமானங்கள் ஒரே உயரத்தில் செல்வதில்லை. பளுவோடு புறப்பட்டுத் தாழ்ந்த உயரத்தில் தொடங்கி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை படிப்படியாக மேலேறுகின்றன. இருக்கையில் உறங்குபவர் இதை உணர்வதேயில்லை.

காற்று எடுத்துக்கொள்வதும் தருவதும்

இவ்வகை விமானம் உயரத்தில் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டரில், பறக்கிறது. 14,500ஐ 900ஆல் வகுத்தால் 16 மணி 7 நிமிடம் வரும். ஆயினும் 2018இல் வெளியான கால அட்டவணையில் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு 17 மணி 20 நிமிடமும், இலண்டனிலிருந்து பெர்த்துக்கு 16 மணி 45 நிமிடமும் குறிக்கப்பட்டிருந்தன. தொலைவு ஒன்று, விமானமும் ஒன்று. போகும் நேரமும் வரும் நேரமும் வேறு.

அட்டவணை நேரம் என்பது விமானம் வாயிலைவிட்டு நகர்வது முதல் மறுவாயிலில் நிற்பது வரையிலான நேரம் என்பதால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மெல்ல மேலேறுவதும், இறங்கும் முன் காத்திருப்பதும் அதனுள் அடங்கும். ஆனால் இவை இரு திசைக்கும் பொது. இருதிசை வேறுபாட்டுக்குக் காரணம் காற்று.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்பது விமானத்தைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்த வேகமேயன்றித் தரையைப் பொறுத்த வேகமன்று. ஓடும் ஆற்றில் படகு செலுத்துவதைப் போன்றதே இது. ஆற்றோடு செல்லும்போது நீரின் வேகம் கூடும். எதிர்த்துச் செல்லும்போது கழியும். நடு அட்சங்களின் மேல்வானில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அதனுள்ளும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், குறுகிய பெருநதிபோல் விரைந்து ஓடும் பகுதிகளை ஜெட் காற்றோட்டம் என்பர். குளிர்காலத்தில் அதன் வேகம் சில நேரங்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும்.

ஜப்பானிய வானிலையாளர் ஒயிஷி வசபுரோ 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றை அளந்தார். உலகோர் அனைவரும் படிக்கட்டும் என்று கருதித் தம் ஆய்வை எஸ்பெராண்டோ என்னும் உருவாக்கப்பட்ட பொதுமொழியில் 1926இல் வெளியிட்டார். எல்லாருக்கும் பொதுவான மொழியில் எழுதியதாலேயே ஏறத்தாழ எவரும் அதைப் படிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானை நோக்கி மிக உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் எதிர்காற்றில் தடுமாறிய பின்னரே இக்காற்றோட்டம் பரவலாக அறியப்பட்டது.

போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. 14,500 கிலோமீட்டர் முழுவதும் மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசுவதாகக் கொண்டால், எதிர்த்துச் செல்ல 18 மணி 8 நிமிடமும் திரும்பிவர 14 மணி 30 நிமிடமும் ஆகும். மொத்தம் 32 மணி 38 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இருவழிக்கும் சேர்த்து 32 மணி 13 நிமிடம் போதும். எதிர்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதால் அதற்குள் நெடுநேரம் சிக்கிக்கொள்கிறது. பின்காற்றிலோ விரைவதால் அதன் பயனைக் குறுகிய நேரமே பெறுகிறது.

இவ்விடத்தில் மாணவர் பலர் மற்றொரு வினாவையும் எழுப்புவர். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர். அப்படியானால் மேற்கு நோக்கிப் பறக்கும் விமானத்தை நோக்கி ஊர்தானே வந்து சேர வேண்டும்? வராது. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும்போதே விமானமும் அந்தச் சுழற்சியில் பங்குபெற்றிருக்கிறது. ஓடும் இரயில் பெட்டிக்குள் துள்ளிக் குதிப்பவர் பின்சுவரில் மோதுவதில்லை என்பதை நினைத்தால் போதும்.

காற்று நாள்தோறும் மாறுவதால் வழியும் நாள்தோறும் மாறுகிறது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு வானிலைக் கணிப்பைப் பெற்று, மிகக் குறைந்த எரிபொருளில் கடக்கும் பாதையைக் கணினியில் வகுக்கின்றனர். பெருவட்டத்தைவிட்டு விலகி, தொலைவில் நீண்டும் நேரத்தில் குறைந்தும் அமையும் வழியே பல நாள்களில் தேர்வாகிறது.

கடிகாரம் சொல்லும் பொய்

2018இன் அட்டவணைப்படி பெர்த்தில் மாலை 6.45க்குப் புறப்பட்டு இலண்டனில் மறுநாள் காலை 5.05க்கு இறங்கலாம். கைக்கடிகாரத்தில் நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இது 10 மணி 20 நிமிடப் பயணமாகத் தோன்றும். திரும்பும்போது பிற்பகல் 1.15க்குப் புறப்பட்டு மறுநாள் பிற்பகல் 1.00 மணிக்குச் சேரலாம். இது 23 மணி 45 நிமிடமாகத் தோன்றும். இலண்டனின் கோடைக்கால நேரத்துக்கும் பெர்த்தின் நேரத்துக்கும் ஏழு மணி வேறுபாடு உண்டு. முதல் எண்ணோடு ஏழைக் கூட்டினால் 17 மணி 20 நிமிடம். இரண்டாம் எண்ணில் ஏழைக் கழித்தால் 16 மணி 45 நிமிடம். கடிகாரத்தைத் திருத்துவது எளிது. உடலுக்குள் இருக்கும் உறக்கமும் பசியும் அவ்வளவு விரைவில் திருந்துவதில்லை.

தரையில் எழும் தடைகள்

நூல் காட்டிய வழி எந்தெந்த நாடுகளின்மீது செல்கிறது என்பதை மீண்டும் நினைவுகூர வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலேயுள்ள வானம் உரியது. இசைவின்றி அதில் நுழைய இயலாது. இசைவிருந்தும் நுழையாமல் இருப்பதே அறிவாகும் காலங்களும் உண்டு.

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற பயணியர் விமானம் ஒன்று கிழக்கு உக்ரைனின்மீது பறந்தது. கீழே போர் நடந்துகொண்டிருந்ததால் அப்பகுதி வானம் 32,000 அடி உயரம் வரை மூடப்பட்டிருந்தது. விமானம் 33,000 அடியில், விதிப்படி திறந்திருந்த வானில், சென்றது. தரையிலிருந்து எழுந்த ஏவுகணை அதை வீழ்த்தியது. விமானத்தில் இருந்த 298 பேரும் மாண்டனர். 2022 பிப்ரவரி முதல் உக்ரைனின் வானம் முழுவதும் பயணியர் விமானங்களுக்கு மூடப்பட்டது. அன்று முதல் பெர்த் – இலண்டன் பெருவட்டத்தின் ஒரு துண்டு தாளில் மட்டுமே உள்ளது.

2024இல் மேற்கு ஆசியாவில் பதற்றம் முற்றியபோது ஈரானின் வானத்தையும் தவிர்க்க வேண்டியதாயிற்று. சுற்றுவழியில் பறக்கக் கூடுதல் எரிபொருள் வேண்டும். கூடுதல் எரிபொருளை ஏற்றினால் பயணியரைக் குறைக்க வேண்டும். எனவே பெர்த்திலிருந்து புறப்பட்ட விமானங்கள் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு இலண்டன் சென்றன. 1942இல் இழந்த அதே தங்கலுக்கு, வேறொரு பதற்றம் அவற்றைத் திருப்பி அனுப்பியது. ஆனால் இலண்டனிலிருந்து திரும்பிய விமானங்கள் முன்போலவே இடைநில்லாமல் பெர்த்தை அடைந்தன. அவையும் அதே சுற்றுவழியில்தான் வந்தன. அவற்றின் தொட்டியும் அதே அளவுதான். மேற்கிலிருந்து வீசிய காற்று அவற்றின் பின்னால் இருந்தது.

மீண்டும் இரு விடியல்கள்

பெர்த்துக்கும் அப்பால், கிழக்குக் கரையிலுள்ள சிட்னியை இலண்டனோடு இடைநில்லாமல் இணைக்கும் முயற்சிக்குக் குவாண்டாஸ் 'சூரியோதயத் திட்டம்' என்று பெயரிட்டது. கேட்டலினாக்களின் நினைவாக வைத்த பெயர் அது. அத்தனை நேரம் வானில் இருப்பதை மனித உடல் எவ்வாறு தாங்குகிறது என்று அறிய 2019இல் சோதனைப் பயணங்கள் நடந்தன. அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிடம். நவம்பரில் இலண்டனிலிருந்து சிட்னிக்கு ஏறத்தாழ 17,800 கிலோமீட்டர். 19 மணி 19 நிமிடம். எடையைக் குறைக்க விமானத்தில் ஏறத்தாழ ஐம்பது பேரையே ஏற்றினர். விமானிகளின் விழிப்பு அளக்கப்பட்டது. பயணியர்க்கு உணவும் வெளிச்சமும் சென்று சேரும் ஊரின் நேரத்துக்கு ஏற்ப முறைப்படுத்தப்பட்டன.

அந்த நவம்பர்ப் பயணத்தில் இருந்தவர்களும் இருமுறை கதிரவன் எழக் கண்டார்கள். 1943இல் இரண்டாம் விடியலைக் காண இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வானில் காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்டலினா அவ்வளவு மெதுவாகச் சென்றது. 2019இல் பத்தொன்பது மணி நேரத்துக்குள்ளேயே அது கிடைத்துவிட்டது. விமானம் கிழக்கு நோக்கி, எழுகின்ற கதிரவனை எதிர்கொண்டு விரைந்ததால், இடையில் வந்த இரவு குறுகிப்போயிற்று.